தந்திக்கு வந்த குறுஞ்செய்தி

வேலை போன மனிதனுக்கு வீட்டில் ஒரு மூலை வேண்டும். எனக்கு அது கிடைத்திருந்தது.

என் மனைவி பிராணி வைத்தியர். வீட்டின் முன்னறைதான் அவளுடைய மருத்துவமனை. அந்த அறையில், மருந்து அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் நான். தெருவுக்கு அவள் டாக்டரம்மா. நான் டாக்டரம்மா வீட்டுக்காரர். வருகிறவர்கள் முதலில் தங்கள் நாய்க்கு ஒரு பிஸ்கட் போடுவார்கள். பிறகு எனக்கு ஒரு வணக்கம் போடுவார்கள். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

போன வருடம் கம்பெனியில் ஆட்குறைப்பு என்றார்கள். குறைந்த ஆள் நான். அதன் பிறகு காலையில் எழுந்திருப்பதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம் அந்த மேஜைதான். கம்ப்யூட்டரில் ஓடியது நான் எழுதிய மென்பொருள். வேலையில் இருந்த நாளில், விடுமுறைகளில் உட்கார்ந்து அவளுக்காக எழுதிக் கொடுத்தது. எந்த நாய்க்கு என்றைக்கு என்ன ஊசி, எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதற்குள் இருந்தது. ராஜா என்ற பெயரில் மட்டும் ஒரு திரை கொள்ளாத நாய்கள். ஊசியைக் காட்டினால் அத்தனை ராஜாக்களும் என் மேஜைக்கு அடியில்தான் அடைக்கலம் புகுவார்கள். தடுப்பூசி நாள் வந்துவிட்டால் மென்பொருளே சொந்தக்காரரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிடும். பகலெல்லாம் அவள் பதிவு செய்வாள். சாயங்காலம் நான் உட்கார்ந்து சரிபார்ப்பேன். ஊரில் உள்ள பிராணிகளின் தலையெழுத்து முழுவதும் என் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று ஒரு நினைப்பு.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் நாய்க்கு நகம் வெட்டுகிற சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். மனைவி வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் தலை நிமிராமல் செய்தித்தாளைப் புரட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பின்கட்டிலிருந்து ஈரத் துணிகளோடு வந்தாள். அறையில் நாயும் இல்லை, நகமும் இல்லை. சத்தம் என் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. நான் குனிந்து காதை வைப்பதற்குள் அதுவும் நின்றது. திரை கறுத்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கு ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை என்கிற மாதிரி இரண்டு வரி காட்டிவிட்டு நின்றுகொண்டது.

முதலில் நான் பயப்படவில்லை. வாராவாரம் காப்பு, அதாவது எல்லாப் பதிவுகளுக்கும் ஒரு நகல், எடுத்து வைக்கிறவன் நான். மூல டிஸ்க் போனால் காப்புக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இதைப் பற்றி என் மச்சானுக்கு ஒருமுறை நீண்ட பாடமே எடுத்திருக்கிறேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பெரிய கம்பெனியில் இருக்கிறான். இணையத்தில் மேகம் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் அதில் வையுங்கள் அத்தான், வீட்டில் வைக்காதீர்கள் என்றான். மழைக்காலத்தில் மேகத்தை நம்பி எவனாவது ஒரு பொருளை வைப்பானா என்று கேட்டேன். அவன் அக்காளைப் பார்த்தான். அவள் சாதத்தைப் பார்த்தாள். வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணி நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

ஆகவே தீர்மானம் இது: மனைவிக்கு விஷயம் தெரியக் கூடாது. சத்தமில்லாமல் புது டிஸ்க் வாங்கிப் பொருத்தி, காப்பிலிருந்து மீட்டு, எதுவுமே நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். தெரிந்தால் தம்பிக்குத் தெரியும். தம்பிக்குத் தெரிந்தால் அடுத்த முறை சாப்பாட்டு மேஜையில் பாடம் எடுப்பது அவனாக இருக்கும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இருண்ட திரையைப் பார்த்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டர் ஏன் அணைஞ்சிருக்கு?"

"பராமரிப்பு."

"எப்ப முடியும்?"

"சில நாள் பிடிக்கும். அதுவரைக்கும் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல குறிச்சு வை. நான் அப்புறம் ஏத்திக்கறேன்."

"சரிங்க."

கல்யாணமான நாளாக அவள் ஒரே தடவையில் சரி என்று சொன்ன விஷயங்கள் மிகக் கொஞ்சம். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மழையில் நனைந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பழுது பார்க்கிறவர் செத்த டிஸ்கை வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார், லேசாக ஆட்டினார், துணியில் சுற்றி மரியாதையாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போயிடுங்க சார், இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல என்றார். அந்த வாக்கியத்தை என் மனைவி எத்தனையோ பேரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கே சொல்லப்பட்டது இதுதான் முதல் தடவை. புது டிஸ்க் ஒன்றை வாங்கி, செத்ததை இடது பையிலும் பிறந்ததை வலது பையிலும் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

மருத்துவமனைக்கு மதியம் மூன்று மணி நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு புது டிஸ்கைப் பொருத்தினேன். பீரோவிலிருந்து காப்பு டிஸ்கை எடுத்து இணைத்தேன். கோப்புகள் வாரம் தவறாமல், தேதி தவறாமல், வரிசையாக நின்றன. பார்க்கவே நிம்மதியாக இருந்தது. கடைசி வாரத்துக் கோப்பைத் திறந்தேன். காலி. அதற்கு முந்தின வாரம். காலி. மாதம் மாதமாகப் பின்னால் போனேன். எல்லாம் காலி.

காரணம் புரிய வெகுநேரம் பிடித்தது. வேலை போன புதிதில், சும்மா இருக்கக் கூடாதே என்று, தரவுகள் எல்லாவற்றையும் வேறோர் இடத்துக்கு மாற்றி அழகாக அடுக்கி வைத்தேன். காப்பு எடுக்கிற நிரலுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அது பாவம், பழைய இடத்துக்கே போய், அங்கே ஒன்றுமில்லாததைக் கண்டு, அந்த ஒன்றுமில்லாததைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டி, தேதி போட்டு, அலமாரியில் வைத்திருக்கிறது. வாராவாரம். ஒருநாளாவது நான் ஒன்றைத் திறந்து பார்த்ததில்லை. எடுத்தது காப்பு என்று நினைத்தேன். என் கைக்கு நானே மாட்டிக்கொண்ட காப்பு அது.

கடைசியில் ஒரு வருடத்துக்கு முந்தின கோப்பு ஒன்று திறந்தது. அதுவும் முழுசாக இல்லை. பிராணிகள் வந்தன. சொந்தக்காரர்கள் வந்தார்கள். யாருக்கு யார் என்ற தொடர்பு மட்டும் வரவில்லை. ரயில் நிலையத்தில் தொலைந்த குடும்பம் மாதிரி இரண்டு கூட்டமும் தனித்தனியே நின்றன. இன்னும் பழைய கோப்பு ஒன்றை எடுத்து, அதிலிருந்து தொடர்புகளைப் பிரித்து, இதில் ஒட்டினேன். முதல் முயற்சியில் பால்காரருக்கு ஒரு முயலும், முயல் வளர்க்கும் பல் டாக்டருக்கு ஒன்பது மாடுகளும் போய்ச் சேர்ந்தன. அழித்தேன். மறுபடி ஒட்டினேன். மதியம் மதியமாக இது நடந்தது. வெளியே மழை. உள்ளே மருந்து வாடை. ஜன்னல் கம்பியில் ஈரம். ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் காலையில் கண் திறந்ததும் நெஞ்சில் வந்து உட்காரும் அந்தக் கனம் வரவில்லை. பெரிய நாசம் ஒன்று நடந்து, அதைச் சரிசெய்ய என்னைவிட்டால் ஆளில்லை என்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

மீதி இருந்தது விடுபட்ட ஒரு வருடம். அதற்கு ஒரு தந்திரம் செய்தேன். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் மனைவியின் வாயைக் கிளறினேன். அந்தப் பல் டாக்டர் முயல் இப்போ தேவலையா என்பேன். காதில் புண் வந்ததே, இந்த மருந்து கொடுத்தேன், இத்தனை நாள் கொடுத்தேன், இந்தத் தேதியில் ஆறிவிட்டது என்று அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்லுவாள். நான் கை கழுவப் போகிற சாக்கில் ஓடிப்போய்க் குறித்துக்கொள்வேன். என்ன ஞாபகசக்தி என்று அசந்துபோனேன். இத்தனை கெட்டிக்காரி இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஒருவழியாக எல்லாம் கூடி வந்தது. ஒரு சாயங்காலம் இணையத் தொடர்பைக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்கக் கூட்டம். குடைக்கு அடியில் நாய்கள், கூடைக்குள் பூனைகள், துண்டு போர்த்திய ஓர் ஆடு. தெரு முனைவரை வரிசை போயிருந்தது. தடுப்பூசி நாள் கடந்துவிட்டது, உடனே வரவும் என்று செய்தி வந்ததாம். பலர் போன மாதம்தான் போட்டுக்கொண்டு போனவர்கள். ஆனாலும் டாக்டரம்மா கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா என்றார்கள். என் மென்பொருள் புது உயிர் பெற்றதும் கடந்த ஒரு வருடத்தின் அத்தனை நாட்களையும் கணக்குப் பார்த்து, அதன் அறிவில் யாருக்கெல்லாம் ஊசி பாக்கியோ அவர்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருக்கிறது. மனைவி வாசலில் நின்று வரிசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். வியாபாரம் பெருகியதில் மகிழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு தொலைபேசி அடித்தது. ஒரு பெண். அழுதுகொண்டே பேசினாள். அவளுடைய பூனை கோடையிலேயே போய்விட்டதாம். அடுத்து ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் அழவில்லை.

"என் நாய் மேலே போய் ஆறு மாசமாச்சு. டாக்டரம்மா அங்கேயே வந்து ஊசி போடுறாங்களா, இல்ல நான் போய் இறக்கிக்கிட்டு வரணுமா?"

ரிசீவரை வைத்ததும் எனக்குப் புரிந்தது. ஒரு வருடத்துக்கு முந்தின கோப்பு அது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு வருடத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தவர்கள். நடுவில் போனவர்கள் யார் யாரென்று நான் மனைவியிடம் கேட்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்கிற கேள்வியா அது. முயலின் காதைத்தான் கேட்டேன். போதாததற்கு, செய்தியை எழுதிய காலத்தில் எனக்கு ஒரு வினையான யோசனை தோன்றியிருந்தது. சொந்தக்காரருக்கு எழுதாமல் பிராணிக்கே எழுதினால் செல்லமாக இருக்குமே என்று. எனவே ஒவ்வொரு செய்தியும் அன்பான இன்னாரே, உன்னைக் காண ஆவலாக இருக்கிறோம் என்று ஆரம்பித்தது.

நான் ஓடிப்போய் இணையக் கம்பியைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன. போனது போனதுதான்.

கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒருவர் நின்றார். குடை இருந்தது, கைப்பேசி இருந்தது, பிராணி எதுவும் இல்லை. தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுவதும் நாய்களுக்குப் பயந்து சைக்கிள் மிதித்தவர். காலில் உள்ள தழும்புகளைக் காட்டி, இது இந்தத் தெரு, இது அந்தத் தெரு என்று விலாசம் சொல்லுவார். மனைவி தவறி, மகளும் வெளிநாடு போன பிறகு, ஒரு குட்டி அவர் சைக்கிளின் பின்னாலேயே ஓடி வந்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஓடி வந்த வேகத்தைப் பார்த்து அதற்குத் தந்தி என்று பெயர் வைத்தார். கோடை ஆரம்பத்தில் தந்தி என் மனைவியின் மேஜைமேல்தான் கண்ணை மூடியது. நான் அன்றைக்கு நாற்காலியில் இருந்தேன். பார்க்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இவ்வளவு நேரம் அவர் நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவில், தன் முறைக்காக வரிசையில் நின்றிருக்கிறார்.

கைப்பேசியை என் முன்னால் மேஜைமேல் வைத்தார். அன்பான தந்தி, உன்னைக் காண ஆவலாக இருக்கிறோம் என்றது அது.

"தம்பி, இது இங்கேர்ந்து வந்ததா?"

ஆமாம் என்றேன். கோளாறு ஐயா என்றேன். தப்பு நடந்துவிட்டது என்றேன்.

"தப்பா வந்திருக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா அதோட பேருக்கு வந்த தபாலை நான் பிரிச்சுப் படிச்சுட்டேன். படிச்சுட்டு எப்படி சும்மா இருக்கறது. அதான், விலாசதாரர் இப்ப இங்க இல்லைன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் கைப்பேசியை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினேன். மனைவி வந்தாள். அவர் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினாள். உள்ளே வாங்க, டீ போடறேன் என்று சமையலறைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். மருத்துவமனைக்கு வருகிற யாரையும் அவள் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது ஸ்பூன் சத்தம் மட்டும்தான்.

அவர் போன பிறகு நான் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன். மனதுக்குள் ஒரு சொற்பொழிவையே தயாரித்துக்கொண்டு போனேன். அவள் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"போன அன்னைக்கே. அரை மணி நேரமா டிக் டிக்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு துணி துவைக்கப் போயிட்டேன்."

பதிவுகள் எல்லாம் போய்விட்டன, ஒரு வருடம் முழுசாக என்றேன். அவள் இடுக்கியால் ஒரு ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் போகவில்லை என்றாள். எல்லாம் அவளுடைய கைப்பேசியில் இருக்கிறது. தம்பி ஏற்பாடு செய்து கொடுத்தான். ஒரு வருடமாக அதில்தான் நடக்கிறது.

தம்பி. மேகம். நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அது ஆட்டை நிறுத்திவைக்கிற ஸ்டூல்.

அப்படியானால் வாராவாரம் போய்க்கொண்டிருந்த தடுப்பூசிச் செய்திகள் என்று கேட்டேன். அவை அந்தக் கைப்பேசியிலிருந்து போனவை. என் கம்ப்யூட்டரில் செய்தி அனுப்புவதை அவள் அப்போதே நிறுத்திவைத்துவிட்டாள். நான் மீட்டெடுத்தது நிறுத்துவதற்கு முந்தின கோப்பு. அதுதான் மறுபடி வாயைத் திறந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் தேதி தேதியாகச் சொன்னதும் ஞாபகசக்தி இல்லையாம். நான் கேட்பேன் என்று தெரிந்து, சாதம் வடிக்கும்போதே கைப்பேசியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாளாம்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எல்லாம் அங்கே இருந்தால், தினமும் என் கம்ப்யூட்டரில் யார் பதிவு செய்தது?

"நான்தான். பகல்ல நேரம் கிடைச்சப்பல்லாம் அதுலேர்ந்து பார்த்து இதுல அடிப்பேன்."

"எதுக்கு?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

"தம்பி இதைப் போட்டுக் கொடுத்த அதே மாசம்தான் உங்க வேலை போச்சு. நீங்க சுவரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்க. கூப்பிட்டா திரும்பறதில்ல. அந்த மேஜைக்கு மட்டும்தான் எழுந்திரிச்சீங்க. அதையும் எடுத்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மிச்சம் இருந்த கொஞ்சம் மானம் சும்மா இருக்கவில்லை. நீ அடித்ததில் எத்தனை பிழை தெரியுமா என்றேன். காய்ச்சலைக் காச்சல் என்றும், முயலை முயள் என்றும் அடித்திருந்தாய். தினமும் நான் உட்கார்ந்து திருத்தினேன். நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

"ஒண்ணும் ஆகியிருக்காது. பிழையே போட்டிருக்க மாட்டேன். நீங்க திருத்தறதுக்குன்னுதானே ஏழெட்டு போட்டு வெச்சேன். சில நாள் மறந்துபோய் எல்லாத்தையும் சரியா அடிச்சுடுவேன். அன்னைக்கு உங்க மூஞ்சியே சரியில்லாம இருக்கும்."

ஒரு வருடம் நான் காவல் காத்தது ஒரு காலி வீட்டை. உள்ளே ஆள் இருப்பதுபோல விளக்கைப் போட்டு வைத்தவள் அவள். கோபப்படுவதா, அழுவதா, அவள் கையைப் பிடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது ஆண்பிள்ளைகள் செய்வதைச் செய்தேன். எழுந்து நின்று, இனி அந்த மேஜைப் பக்கமே வரப்போவதில்லை என்று அறிவித்தேன்.

"சரிங்க," என்றாள். "ஆனா செய்தி போனவங்க கிட்ட எல்லாம் நீங்களே மன்னிப்புக் கேட்டுடுங்க. போன்ல பேசினாப் போதும். தபால்காரர் வீட்டுக்கு மட்டும் நேர்ல போங்க."

போன் செய்தேன். சிலர் திட்டினார்கள். அது பரவாயில்லை. சிலர் திட்டவில்லை. பூனையை இழந்த பெண், அது ஜன்னலில் எப்படி உட்காரும் என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் முதலில் வைத்துவிட்டார். பிறகு அவரே கூப்பிட்டு, நான் பேசியது கொஞ்சம் அதிகப்படி என்றார். நாய் போனதிலிருந்து கடையில் மதிய நேரம் நகரவே மாட்டேன் என்கிறது என்றார். நான் உம் கொட்டினேன். மதிய நேரத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா.

அடுத்த நாள் மாலை தபால்காரர் வீட்டுக்குப் போனேன். ஓர் அறை, ஒரு கட்டில், கொடியில் காக்கிச் சட்டை ஒன்று. மூலையில் ஒரு அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மன்னிப்பு என்று நான் தொடங்கியதும் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். துண்டு போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டினார். மகள் விட்டுப்போனது. தந்தியின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றனவாம். திடீரென்று வேலை செய்யவில்லையாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"டிஸ்க் போயிருக்குமோ தம்பி? உங்களுக்குத்தான் அது பழக்கமாமே."

யார் சொன்னது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. பார்த்துவிடலாம் ஐயா என்றேன். போகிறபோக்கில் ஒரு தீர்மானமும் செய்துகொண்டேன். இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடப் போவதில்லை. டாக்டரம்மா வீட்டுக்காரர் செய்கிற வேலை இல்லை இது. எனக்கென்று, என் கைத்திறமைக்கென்று, தானாக வந்த வேலை.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போகிற கம்பி மட்டும் கழன்று தொங்கியது. தானாகக் கழன்ற கம்பி இல்லை. அதன் நுனியில், தூசு படாமல் இருக்கப் பஞ்சு வைத்து, மேலே வெள்ளைத் துணிப் பட்டியால் கட்டுப் போட்டிருந்தது. பட்டியின் கடைசி முனை உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தது. நாய்கள் கடித்துப் பிரிக்காமல் இருக்க அப்படி மடிப்பார்கள். இந்தத் தெருவில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தபால்காரர் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அரை நிமிட வேலை. கம்பியைச் செருகினால் தந்தி திரையில் வந்து வாலாட்டும். வந்த காரியம் முடிந்துவிடும். பிறகு நான் என் சுவருக்குப் போக வேண்டும், அவர் இந்தத் தட்டோடு இருக்க வேண்டும். கட்டை அவிழ்க்காமல் தகட்டை மறுபடி மூடினேன்.

"சிக்கலான கேஸ்தான் ஐயா. ஒரு வாரமாவது தினம் வந்து பார்க்கணும்."

"மெதுவாப் பாருங்க தம்பி. ஒண்ணும் அவசரமில்ல," என்றார் அவர். டீயை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். படங்கள் வராவிட்டால் என்ன, வாயால் சொல்லலாமே என்று தந்தியைப் பற்றி ஆரம்பித்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

வீடு திரும்பும்போது எனக்குள் ஒரு கள்ளச் சிரிப்பு. இந்த ஒரு தடவை நான் அவளை முந்திவிட்டேன். அவள் கம்பியைப் பிடுங்கியது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் மூச்சுவிடுவதில்லை என்ற தீர்மானத்தை வழியிலேயே விட்டுவிட்டு, முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கவலையாக வைத்துக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தேன். அவள் ஒரு பூனையின் வாலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"தபால்காரர் கம்ப்யூட்டர்ல பெரிய பழுது. ஒரு வாரம் ஆகும்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"மூணு நாள்ல முடிச்சுடுங்க. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்லயும் கம்பியைக் கழட்டியாச்சு. பாவம், அவரும் எத்தனை நாளைக்குத்தான் கடையை மூடி வெச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்திருப்பாரு."